கரையில் முடிவாகும் காரியம்

நேபாளத்தில் ராஃப்டிங் வழிகாட்டியாக இருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "படகு கவிழாதா?" என்பதுதான். கவிழும். காற்றடைத்த ரப்பர் படகில், பனி உருகி வரும் ஆற்றில், பாறைகளுக்கு நடுவே இறங்குகிற தொழிலில் அது நடக்கத்தான் செய்யும். கவிழ்ந்த பிறகு ஆட்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதில் ஒரு மணி நேரம் முன்பே, சில சமயம் ஒரு வாரம் முன்பே, கரையில் முடிவாகிவிடுகிறது. இந்த ஆறுகளில் இத்தனை வருஷம் துடுப்புப் போட்டதில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது.

வேலை கற்றது கங்கையில், ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரியில். அங்கே துடுப்புப் பிடிப்பவர்களில் நேபாளிகள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் சிந்துபால்சோக் மாவட்டத்துத் தமாங். எங்களைவிட மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'தாஜு', அண்ணன். ஒரு சீசன் முடிந்ததும், "எங்கள் ஆறுகளையும் வந்து பார்" என்று கூட்டிப்போனார். போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

நேபாளத்தின் ஆறுகள் ஏன் இப்படி ஓடுகின்றன என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தாலே போதும். வடக்கே எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள். தெற்கே கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத தராய்ச் சமவெளி. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் அளந்தால் 200 கி.மீ. அளவுதான். அத்தனை உயரத்தையும் அவ்வளவு குறுகிய தூரத்தில் இறங்கித் தீர்க்க வேண்டும் தண்ணீர். கிழக்கே கோசி, நடுவே கண்டகி, மேற்கே கர்ணாலி என்று மூன்று பெரிய ஆற்றுத் தொகுதிகள். மூன்றும் கடைசியில் கங்கையில்தான் சேர்கின்றன.

பயணிகளில் பெரும்பாலானோர் முதலில் இறங்குவது திரிசூலியில். காத்மாண்டுவிலிருந்து பொக்ரா போகும் பிருத்வி நெடுஞ்சாலை நெடுந்தூரம் அதன் கரையோரமாகவே போகிறது. காலையில் பஸ் ஏறி, சரௌடியில் படகில் உட்கார்ந்து, மதியம் குரிந்தார் பக்கம் கரையேறி, சாயங்காலம் பொக்ரா போய்ச் சேர்ந்துவிடலாம். குழந்தைகளோடு வருபவர்களையும், கயாக் என்ற ஒற்றை ஆள் படகை ஓட்டக் கற்க வருபவர்களையும் சேதி ஆற்றுக்கு அழைத்துப்போவோம். தமௌலிக்குக் கீழே அது பச்சை நிறத்தில், கை வைத்தால் உறைக்காத வெதுவெதுப்போடு ஓடும். திபெத் எல்லையிலிருந்து வரும் போட்டே கோசி அதற்கு நேர் எதிர்: செங்குத்து, பாறைக் கூட்டம், மூச்சு விட இடமில்லை. அதன் மேல்தான் 160 மீட்டர் உயரத் தொங்குபாலத்திலிருந்து கயிறு கட்டிக் குதிக்கும் பங்கி இருக்கிறது. தூர மேற்கில் கர்ணாலி; காட்டுக்குள் பல நாள் பயணம், முடியும் இடம் பர்தியா தேசியப் பூங்காவின் ஓரம்.

என் மனசுக்குப் பிடித்தது சுன்கோசி. அர்னிகோ நெடுஞ்சாலையில் டோலால்காட் பாலத்தடியில் இந்திராவதி வந்து கலக்கும் இடத்தில் படகை இறக்கினால், கிழக்கே சதராவில் மலை முடிந்து சமவெளி தொடங்கும் வரை சுமார் 270 கி.மீ. எட்டு ஒன்பது நாள். வழியில் தாமாகோசி, லிக்கு, எவரெஸ்ட் பக்கத்துப் பனியாறுகளின் தண்ணீரைக் கொண்டுவரும் தூத் கோசி என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, டோலால்காட்டில் பார்த்த ஆறு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும். கடைசியில் திரிவேணியில் அருணும் தமூரும் கலந்து, அது சப்தகோசியாகிவிடும். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1968இல் இதே சுன்கோசியில் ஜெட் படகில் ஓட்டத்தை எதிர்த்து மேலேறி வந்தார். நாங்கள் ஓட்டத்தோடு இறங்குகிறோம்.

உலகமெங்கும் ஆற்றின் ராப்பிட்களை, அதாவது தண்ணீர் பாறைகளில் மோதிக் கொந்தளித்து இறங்கும் இடங்களை, 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் சும்மா அலையடிக்கும். 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. பயணிகளைக் கூட்டிக்கொண்டு யாரும் போகக் கூடாது. ஆனால் அந்த எண் பாறையில் எழுதி வைத்ததில்லை. நவம்பர் கடைசியில் 3 ஆக இருக்கும் இடம், மழைக்காலம் முடிந்த கையோடு செப்டம்பர் இறுதியில் 4 ஆகவோ 5 ஆகவோ இருக்கும். அதனால்தான் எத்தனை தரம் வந்த ஆறானாலும், பெரிய ராப்பிட்டுக்கு மேலே படகைக் கரையில் ஒதுக்கிக் கட்டிவிட்டு, நடந்து போய்ப் பார்க்கிறோம்.

தாஜு என்னை நீரைப் படிக்க வைத்தது அப்படிப்பட்ட பாறைகளின் மேல் நிறுத்தித்தான். "எந்த வழியாகப் போவாய்?" என்று அவர் முதலில் கேட்க மாட்டார். "எங்கே போகவே கூடாது?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அடுத்தது: "கவிழ்ந்தால் ஆட்களைத் தண்ணீர் எங்கே கொண்டுபோகும்?" மூன்றாவது: "அங்கே யாரை நிறுத்தப்போகிறாய்?" போகும் வழி நாலாவது கேள்வி. முதல் மூன்றுக்கும் பதில் இல்லாதவனுக்கு நாலாவதைக் கேட்கும் தகுதி இல்லை என்பார்.

நீரைப் படிப்பது மந்திரம் ஒன்றும் இல்லை, யாரும் கற்றுக்கொள்ளலாம். இரண்டு ஓரத்து அலைகளும் ஆறு போகும் திசையில் கூராகச் சேர்ந்து 'வி' மாதிரி தெரிந்தால், நடுவில் ஆழம் இருக்கிறது, அது வழி. அந்தக் கூர்முனை ஆறு வரும் திசையைப் பார்த்து இருந்தால், முனையில் பாறை மறைந்திருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று மேல்நோக்கித் திரும்பும் இடம் 'எடி'. அங்கே படகை நுழைத்தால் நின்று மூச்சு வாங்கலாம். முன்னால் ஆற்றின் மேற்பரப்பு கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோட்டில் முடிந்து, அதற்கு அப்பால் தண்ணீரே தெரியாமல், சாரல் மட்டும் எழும்பினால், அங்கே பெரிய இறக்கம் இருக்கிறது. உடனே ஒதுங்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது 'ஹோல்'. பாறையைத் தாண்டி விழும் தண்ணீர் அடிவரை போகும்; மேற்பரப்புத் தண்ணீரோ அந்தப் பள்ளத்தை நிரப்பப் பின்னோக்கி ஓடிவரும். அதில் மாட்டிய படகு முன்னும் போகாது, பின்னும் போகாது. அங்கே நுரை வெள்ளைவெளேரென்று இருப்பது காற்று கலந்திருப்பதால். காற்று கலந்த தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்கூட ஆளை முழுதாகத் தூக்கிக் கொடுக்காது. ஹோலின் இரண்டு ஓரங்களும் ஆறு போகும் பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை, ஓரமாக வெளியே தள்ளிவிடும். மேல்பக்கம் வளைந்திருந்தால் நடுவுக்கே இழுக்கும். கரைக்குக் கரை நேராகக் கட்டிய சின்னத் தடுப்பணைக்குக் கீழே உருவாவது எல்லாவற்றிலும் மோசம். பார்க்க அமைதியாக இருக்கும். வெளியேற வழி இருக்காது. ஊரில் எங்கேயாவது தடுப்பணையில் குளிக்க இறங்குபவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

கண்ணை மூடிக்கொண்டாலும் ஆறு ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும். பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவரும் நுண்மணல் படகின் அடியில் உரசும்போது ஒரு சீறல் சத்தம் வரும். அமைதியான இடங்களில் பயணிகளைத் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கேட்கச் சொல்வேன். இமயமலை கரைந்து போய்க்கொண்டிருக்கிற சத்தம் அது.

இவ்வளவும் வழிகாட்டி பார்க்க வேண்டியது. பயணி செய்ய வேண்டியது கரையில் நடக்கும் அரை மணி நேரப் பேச்சில் இருக்கிறது. அதில் யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதிலேயே அன்றைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

முக்திநாத் யாத்திரை முடித்துத் திரும்பும் தமிழ்க் குழுக்கள் பிருத்வி நெடுஞ்சாலை வழியாகத்தான் காத்மாண்டுவுக்கு வருவார்கள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமமாக வைணவர்கள் போற்றும் முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. வைணவக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வருவதைப் பார்க்கலாம். அப்படி வந்த ஒரு கும்பகோணத்துக் குடும்பம் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் எங்கள் படகுகளைப் பார்த்தது. பேரப்பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். பாட்டி, அறுபதைத் தாண்டியவர், தானும் வருவேன் என்றார். மகனுக்கு மனசே இல்லை.

"மாமி, பிபி இருக்கா? நெஞ்சுவலி, ஆபரேஷன் ஏதாவது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கிடையாது. முட்டி மட்டும் வலிக்கும். நேக்கு நீச்சல் தெரியாது, அதைச் சொல்லிடறேன்."

"நீச்சல் தெரிய வேண்டாம் மாமி. சொன்னதைக் கேட்டா போதும்."

"அப்போ சொல்லுங்கோ. விழுந்துட்டா நான் என்ன பண்ணணும்?"

பேச்சு ஆரம்பிக்கும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இளவட்டங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விழுந்தால் செய்ய வேண்டியதை எல்லோருக்கும் சொன்னேன். மல்லாந்து படுங்கள். கால்கள் ஆறு போகும் பக்கம் இருக்கட்டும். கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். என்ன ஆனாலும் ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். இதுதான் பேச்சிலேயே முக்கியமானது. முழங்கால் ஆழம்தானே என்று நிற்கப்போனால், கால் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கும். பின்னாலிருந்து வரும் ஓட்டம் ஆளை முகங்குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எத்தனை பலசாலியாலும் அதை எதிர்த்து நிமிர முடியாது. கயிறு வீசினால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். படகுக்கு அடியில் போய்விட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்து, ஒரே திசையில் தள்ளிக்கொண்டே வெளியே வாருங்கள்.

மாமி புடவையை மாற்றி மருமகளின் சுடிதாரை அணிந்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டினோம். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். காதுவரை ஏறாமல் உடம்போடு நின்றால்தான் சரி. ஆணைகளை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டேன். 'ஃபார்வர்ட்', 'பேக்', 'கெட் டவுன்', படகு பாறையில் சாய்ந்தால் உயர்ந்த பக்கம் பாய்ந்து எடையைப் போட 'ஹை சைட்'. கூட வரும் நேபாளி கயாக்காரர்களுக்கும் அது புரிய வேண்டும்.

இரண்டாவது பெரிய ராப்பிட்டில், சிரித்துக்கொண்டிருந்த பேரன்தான் படகிலிருந்து வழுக்கி விழுந்தான். தலை வெளியே வந்ததும் நிற்கக் காலை ஊன்றப்போனான். நான் வாயைத் திறக்கும் முன்பே மாமியின் குரல் கேட்டது: "காலைத் தூக்குடா! விரலைப் பாரு, விரலைப் பாரு!" அவன் மல்லாந்தான். கீழே காத்திருந்த கயாக்காரர் அவனைத் தன் படகின் மூக்கைப் பிடிக்கவைத்து எடிக்குள் இழுத்துப்போனார். எல்லாம் அரை நிமிஷம். பயப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள், கேட்டுக்கொள்கிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். அதனால் யாருடைய பயத்தையும் நான் கேலி செய்து போக்குவதில்லை. அதற்கு ஒரு வேலை கொடுக்கிறேன்.

ஒருநாள் ராஃப்டிங்கில் தவறு நடந்தால் மேலே நெடுஞ்சாலை இருக்கிறது. சுன்கோசி அப்படி இல்லை. இப்போது கரையோரம் பல இடங்களில் மண்சாலை வந்துவிட்டாலும், பள்ளத்தாக்குகளுக்குள் ஆறுதான் பாதை. சாமான் படகின் இரும்புச் சட்டத்தில் ஒன்பது நாளைக்கு அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ் சிலிண்டர், கூடாரம், முதலுதவிப் பெட்டி, படகு கிழிந்தால் ஒட்டும் சாமான், பாறையில் சிக்கிய படகை இழுக்கக் கயிறும் கப்பியும். கப்பிகளைச் சரியாகப் பூட்டினால் ஒருவர் இழுக்கும் பலம் மூன்று மடங்காகும். அந்தப் பூட்டை இருட்டிலும் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தாஜுவின் சட்டம்.

மாலையில் மணல்கரையில் கூடாரம் போட்டதும் பயணிகள் தேநீருக்குப் போவார்கள். நாங்கள் தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நடுவோம். பகல் வெயிலில் மேலே உருகிய பனி கீழே வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால் நடு இரவில் மட்டம் ஏறலாம். எங்கோ மேலே மழை பெய்திருந்தாலும் ஏறும். நீர்மின் நிலையம் கதவைத் திறந்தாலும் ஏறும். இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து டார்ச்சோடு போய்க் குச்சியைப் பார்ப்போம். காலையில் அந்தக் குச்சி எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் அன்றைய பயணத்தை முடிவு செய்கிறோம்.

ஒரு அக்டோபரில், மழை தாமதமாக விலகிய வருஷம், குச்சி இரண்டு நாள் தொடர்ந்து தண்ணீருக்குள் போனது. மறுநாள் ஹர்காபூர். சுன்கோசியில் பெயர்போன ராப்பிட்களில் ஒன்று. சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். பாறைமேல் ஏறிப் பார்த்தேன். வழக்கமாகப் போகும் இடதுபக்க வழியை ஒரு ஹோல் பாதி விழுங்கியிருந்தது. தாஜுவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தது: ஆட்கள் விழுந்தால் நேராக அடுத்த ராப்பிட்டுக்குள் போவார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை. நடுவில் யாரையும் நிறுத்த இடம் இல்லை. எல்லோரும் இறங்கிக் கரையோடு நடக்கலாம் என்று சொல்லிவிட்டேன். படகுகளைக் காலியாக, கயிற்றில் பிடித்து, ஓரமாகவே இறக்கினோம். அதற்கே மதியம் தாண்டிவிட்டது.

"நடக்கறதுக்கா அண்ணா இவ்வளவு பணம் கட்டி வந்தோம்?" என்றான் ஒரு தம்பி. கோபத்தில் நியாயம் இருந்தது. அவனைப் பாறைமேல் கூட்டிப்போய், தாஜு என்னிடம் கேட்ட கேள்விகளை அதே வரிசையில் கேட்டேன். இரண்டாவது கேள்வியிலேயே அவன் ஆற்றை நெடுநேரம் பார்த்தான். பிறகு போய்க் கயிற்றில் ஒரு கை கொடுத்தான்.

கவிழ்ந்ததும் உண்டு. தூத் கோசி கலந்த பிறகு, இரு பக்கமும் காடு நெருங்கி, அருவிகள் கொட்டும் ஒரு நீளமான பகுதி வரும். ஜங்கிள் காரிடார் என்பார்கள். ராப்பிட் முடிந்தது என்று நினைக்கும்போது அடுத்தது தொடங்கும். அங்கே ஒருமுறை பக்கவாட்டு அலை ஒன்று எங்கள் படகைத் தூக்கிப் புரட்டிப்போட்டது. தண்ணீருக்குள் ஒரு கணம் எல்லாம் இருட்டு, பிறகு வெளிச்சம், பிறகு விசில் சத்தம். வழிகாட்டி அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை தலைகளை எண்ணுவது. எண்ணினேன். கணக்கு சரியாக வந்தது. இடுப்பில் கட்டியிருந்த வாரை அவிழ்த்து, கவிழ்ந்த படகின் ஓரக் கயிற்றில் கொக்கி மாட்டி, மேலே ஏறி நின்று, இரண்டு பேர் பின்னால் சாய்ந்து இழுத்தோம். படகு நிமிர்ந்தது. அதற்குள் இரண்டு கயாக்களும் ஆட்களைத் திரட்டிவிட்டன. ஏனென்றால் அவை எங்கே நிற்க வேண்டும் என்பது காலையிலேயே, கரையில் மணலில் கோடு போட்டுப் பேசி முடிவானது.

இந்த அறிவு எல்லாம் வெளிநாட்டிலிருந்து ரப்பர் படகோடு வந்ததில்லை. சுன்கோசிக் கரையில் மாஜி என்ற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தும், ஒரே மரத்தைக் குடைந்த ஓடங்களில் ஆட்களை அக்கரை சேர்த்தும் வாழ்ந்தவர்கள். பாலங்கள் வந்த பிறகு ஓடத்தொழில் சுருங்கிவிட்டது. ஆனால் ஆற்றின் நிறத்தையும் மிதந்துவரும் சருகையும் பார்த்து, மேலே மழை பெய்திருக்கிறது என்று சொல்லும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகாம் போடும் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் கேட்காமல் நாங்கள் கூடாரக் குச்சி அடிப்பதில்லை.

மலையும் சும்மா இருப்பதில்லை. 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஜூரே என்ற இடத்தில் மலைச்சரிவே பெயர்ந்து சுன்கோசியில் விழுந்தது. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறே அடைபட்டு ஏரியானது. அர்னிகோ நெடுஞ்சாலையின் ஒரு துண்டு தண்ணீருக்குள் போனது. மறு ஏப்ரலில் பூகம்பம். தாஜுவின் மாவட்டத்தில் நிற்கிற வீடுகளைத் தேட வேண்டியிருந்தது. 2016 ஜூலையில் திபெத் பக்கம் ஒரு பனியேரி உடைந்து, போட்டே கோசியில் வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்த ராப்பிட்கள் சில காணாமல் போயின, புதியவை முளைத்தன. கரையிறங்கிப் பார்க்காமல் யாரும் இங்கே தொழில் செய்ய முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இவை இயற்கையின் கையில் இருப்பவை. மனிதர் கையில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காளி கண்டகியில் மிர்மியில் 144 மெகாவாட் நிலையம் 2002இல் முடிந்ததோடு, கீழே போன நீண்ட பயணம் நின்று மூன்று நாள் பயணமானது. மர்ஸ்யாங்தி ஒரு காலத்தில் உலகின் மிகச் சிறந்த ஆறுகளில் ஒன்று என்று கயாக்காரர்கள் கொண்டாடியது. இன்று அணைகளுக்கு இடையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இப்போது சுன்கோசியின் முறை. அதன் தண்ணீரை மலையைக் குடைந்து மரின் ஆற்றுக்கும், அதன் வழியாக பாக்மதிக்கும் திருப்பிவிடும் திட்டத்தில் 13 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள சுரங்கம் 2024இல் மறுபக்கம் துளைத்து முடிக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் தராய் விவசாயிகளின் வயலுக்குப் போவதற்கானது. மின்வெட்டில் வளர்ந்த ஊர்க்காரர்களிடம் மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பயிர் காய்கிறவர்களிடம் தண்ணீர் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா ஆற்றையும் கட்டிவிட்டால், ஓடுகிற ஆற்றை நம்பி வாழும் மலைக் கிராமங்களுக்கு என்ன மிச்சம்? சில ஆறுகளையாவது மலையிலிருந்து சமவெளி வரை தடையில்லாமல் ஓட விடுவதாக ஒரு முடிவு இப்போதே வேண்டும். கட்டிய பிறகு எடுக்க முடியாத முடிவு அது.

இந்தத் தொழிலில் இருக்கும் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீசன் என்பது அக்டோபர், நவம்பர். பிறகு மார்ச் முதல் மே வரை. மழைக்காலத்தில் பெரும்பாலான ஆறுகளில் வேலை இல்லை. திறமையானவர்கள் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அங்குள்ள ஆறுகளில் வேலை பார்க்கப் போகிறார்கள். மற்றவர்கள் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். விலையைக் குறைத்து ஆள் பிடிக்கும் போட்டியில் முதலில் வெட்டுப்படுவது இவர்கள் கூலி. அடுத்து வெட்டுப்படுவது கூட வரும் கயாக். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் படகு, ஏறுமுகத்தில் இருந்த திரிசூலியில் துணைக் கயாக் ஒன்றுகூட இல்லாமல் ஒற்றையாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன். விழுந்த இரண்டு பேரை எங்கள் கயாக்காரர்தான் எடுத்தார். அந்தப் பயணிகள் மிச்சம் பிடித்தது ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணம்.

ஆகவே நேபாளம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பணம் கட்டும் முன்பு கேளுங்கள்: எத்தனை படகு போகிறது? துணைக்குக் கயாக் வருமா? வழிகாட்டிக்கு உரிமமும் முதலுதவிப் பயிற்சியும் இருக்கிறதா? இந்த வாரம் ஆற்றின் மட்டம் எப்படி? அடிபட்டால் எந்த வழியாக வெளியே கொண்டுபோவீர்கள்? வழிகாட்டிகளுக்குக் காப்பீடு உண்டா? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களோடு போங்கள். உங்களுக்கும் ஹெலிகாப்டர் மீட்பைச் சேர்த்த பயணக் காப்பீடு எடுங்கள். பருத்தித் துணி வேண்டாம். நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செருப்பு வேண்டாம்; கட்டிய காலணி வேண்டும். முந்தின இரவு மது வேண்டாம். இதய நோய், வலிப்பு, சமீபத்திய அறுவைச் சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். கரையில் வழிகாட்டி பேசும்போது செல்போனைப் பைக்குள் வையுங்கள். இறங்க வேண்டாம் என்று அவர் சொன்னால், கரையோடு நடந்து போங்கள். உங்கள் பணத்துக்கான உண்மையான வேலையை அவர் செய்துவிட்டார் என்று அர்த்தம்.

சுன்கோசியில் முழுப் பயணம் போக ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆறு இன்றைக்கு இருப்பதுபோல இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்பது, எங்கள் எல்லோருக்கும் எட்டாத ஒரு கரையில் முடிவாகிக்கொண்டிருக்கிறது.